டிராக்டர் இருக்கிறது, கூடவே விறகு புராசசர் வாங்கிச் சின்னதாகத் தொழில் தொடங்கலாமா?

தாராளமாகத் தொடங்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தக்கூடிய தொழில்தான், நானும் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் மரத்தை அறுத்துப் பிளந்து தள்ளும் அந்தப் புராசசரைக் கடைசியாக வாங்குங்கள். கையில் இருக்கும் பணத்துக்கு முதலில் வாங்க வேண்டியது டிராக்டரின் முன்னால் மாட்டிப் பாரம் தூக்கும் ஒரு லோடரும், அதன் முனையில் மாட்டும் ஃபோர்க் என்ற இரும்பு முட்கரண்டியும்.

விறகுத் தொழிலில் கூலி பெரும்பாலும் தூக்கி வைப்பதற்கே போகிறது. வந்த மரத்தை இறக்க வேண்டும், ரம்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அறுத்த துண்டைப் பிளக்க எடுத்து வைக்க வேண்டும், பிளந்ததை ஓரமாக எறிய வேண்டும், பிறகு அடுக்க வேண்டும், காய்ந்ததும் டிரெய்லரில் ஏற்ற வேண்டும், வாங்குபவர் வாசலில் இறக்க வேண்டும். ஒரே கட்டையைக் கை ஏழு தடவை தொட்டாயிற்று. புராசசர் இதில் நடுவில் இருக்கும் ஒன்றிரண்டைத்தான் குறைக்கும். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, குவியல் மட்டும் முன்பைவிட வேகமாக வளரும். அதை அடுக்க ஆள் தேடிக்கொண்டு நிற்பீர்கள்.

அதனால் அடுக்குவதையே எடுத்துவிடுங்கள். பலகைத் தட்டின்மேல் கம்பிவலைக் கூண்டு வைத்து, பிளந்த விறகு நேராக அதில் விழும்படி செய்யுங்கள். நிரம்பியதும் லோடர் ஃபோர்க்கால் தூக்கிக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அந்தக் கூண்டிலேயே காயட்டும். விற்கும்போது அதே கூண்டு டிரெய்லரில் ஏறட்டும். எங்கள் களத்தில் பிளந்த விறகை யாரும் மறுபடி கையால் எடுப்பதில்லை. ஒன்று மட்டும் கவனம்: முன்னால் பாரம் தூக்கினால் டிராக்டரின் பின்பக்கம் லேசாகிவிடும். பின்னால் எடைக்கட்டி மாட்டாமல் லோடரை ஓட்டாதீர்கள், பாரத்தைத் தரையை ஒட்டித் தாழ்வாகவே கொண்டுபோங்கள்.

அடுத்தது ஈரம். இந்தத் தொழிலில் லாப நட்டம் இங்கேதான் முடிவாகிறது. பச்சை மரத்தின் எடையில் பாதி தண்ணீராக இருப்பது சாதாரணம். அப்படிப்பட்ட 1,000 கிலோ மரத்தை எடை போட்டு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே 500 கிலோதான் மரம். அது 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் மொத்த எடை 625 கிலோவாகிவிடும். மீதி 375 கிலோ காற்றோடு போய்விட்டது, ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். வாங்கும் விலையைப் பேசும்போதே இந்தக் கணக்கு மனதில் ஓட வேண்டும்.

காயாமல் விற்கலாமே என்றால், கூடவே கூடாது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2.3 மெகாஜூல் வெப்பம் போகிறது. அது வாங்கியவர் அடுப்பிலிருந்துதான் போகிறது. நெருப்பு சரியாகப் பிடிக்காது, புகை கிளம்பும், புகைபோக்கியில் கீல் படியும். அந்தக் கீல் பின்னால் தீப்பிடிக்கவும் செய்யும். எடைக்கு விற்றால் ஈர விறகு விற்பவனுக்கே லாபம் என்பதால், நான் கனஅளவுக்குத்தான் விற்கிறேன். கனஅளவிலும் வித்தியாசம் உண்டு: ஒழுங்காக அடுக்கிய ஒரு கனமீட்டர் விறகை அள்ளிக் கொட்டினால் ஏறத்தாழ ஒன்றரைக் கனமீட்டர் இடத்தை அடைக்கும். அடுக்கிய அளவா, கொட்டிய அளவா என்று முதல் நாளே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஈரமானி ஒன்று அவசியம் வாங்குங்கள். கட்டையின் வெளிப்புறத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. ஒரு கட்டையை அப்போதே பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தின் நடுவில் குத்துங்கள். சாதாரண ஈரமானி உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட்டுத்தான் எண்ணைக் காட்டும். அதில் 25 காட்டினால், மொத்த எடையில் 20 சதவீதம் என்று அர்த்தம். இந்த இரண்டு கணக்கையும் போட்டுக் குழப்பிக்கொண்டு வாங்குபவரோடு சண்டை பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வெட்டு முனைகள் வழியாகத்தான் வேகமாக வெளியேறும். நீளம் குறைந்த விறகு சீக்கிரம் காய்வது அதனால்தான். நன்றாகப் பிளந்தாலும் சீக்கிரம் காயும். மேலே மட்டும் மூடுங்கள். பக்கவாட்டில் தார்ப்பாய் சுற்றினால் உள்ளே பூஞ்சைதான் வளரும்.

பிளப்பதற்கு மட்டுமான மெஷின் வாங்கப் போனால் விற்பவர் எத்தனை டன் என்றுதான் முதலில் சொல்வார். 4 அங்குல விட்டமுள்ள சிலிண்டருக்கு 2,500 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் கொடுத்தால் சுமார் 14 டன் தள்ளுவிசை கிடைக்கும், பெரும்பாலான கட்டைகளுக்கு அது போதும். சிலிண்டரைப் பெரிதாக்கிவிட்டுப் பம்பை அப்படியே வைத்தால் தள்ளு தண்டு நகரும் வேகம் விழுந்துவிடும். ஆகவே டன்னோடு, பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் அனுப்பும் என்பதையும் கேளுங்கள். இரண்டு நிலைப் பம்பு நல்லது. லேசான கட்டைக்கு நிறைய எண்ணெய் அனுப்பி வேகமாகத் தள்ளும். கணு குறுக்கிட்டதும் எண்ணெயைக் குறைத்து அழுத்தத்தை ஏற்றும். இன்ஜின் சத்தம் ஒரு கணம் கனத்து, தண்டு மெதுவாகி, மரம் முனகிக்கொண்டே பிளப்பது காதுக்கே தெரியும். பல டிராக்டர்களின் சொந்த ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்த அமைப்பு, இதற்கு மந்தம். டிராக்டரின் பின்னால் சுழன்று மற்ற இயந்திரங்களை ஓட்டும் பி.டி.ஓ. தண்டில் மாட்டும் தனிப் பம்பு உள்ள மெஷினாகப் பாருங்கள்.

பாதுகாப்பில் மூன்று விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் பி.டி.ஓ. தண்டு நொடிக்கு ஒன்பது தடவை சுற்றுகிறது. தொங்கும் துணி அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே இருக்காது. தண்டின் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கு வேலை கிடையாது. இரண்டாவது, கட்டையை வைப்பவரே லீவரையும் பிடிக்க வேண்டும். ஒருவர் வைக்க இன்னொருவர் இழுத்தால் விரல் போகும். மூன்றாவது, ஹைட்ராலிக் ஹோஸில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். ஊசித் துளையிலிருந்து பீச்சும் எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. ஆனாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், தாமதித்தால் கையையே இழக்க நேரும்.

இனி புராசசர். அதற்கு நேரான, அது ஏற்கும் விட்டத்துக்குள் அடங்கிய மரம் வேண்டும். கோணல் மரம் உள்ளே போய்ச் சிக்கினால் அதை எடுக்கும் நேரத்தில் கையாலேயே அறுத்துவிடலாம். தேர்ந்த மரத்துக்கு விலையும் கூடுதல். மண்ணில் இழுத்து வந்த மரம் ரம்பச் சங்கிலியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். செதில் விழ வேண்டிய இடத்தில் மாவு மாதிரித் தூள் விழுந்தால் சங்கிலியைக் கழற்றித் தீட்டுங்கள். வேலியோரம் நின்ற மரமாக இருந்தால் வெட்டு முனையைக் கூர்ந்து பாருங்கள். கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே ஆணியோ கம்பியோ இருக்கலாம், அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

காய்ந்த கூண்டுகள் எல்லாம் விற்றுத் தீர்ந்து, இன்னும் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், நேரான மரமும் தொடர்ந்து கிடைக்கிறது என்ற நிலை வந்தால் புராசசர் வாங்குங்கள். பழையதே போதும். ஆனால் விற்பவர் குளிர்ந்த மெஷினை ஓட்டிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். எண்ணெய் நன்றாகச் சூடேறும் வரை அதில் வேலை செய்யச் சொல்லி, பிறகு கணு உள்ள கட்டையாகப் பார்த்து வைத்துப் பாருங்கள். பம்போ சிலிண்டர் சீலோ தேய்ந்திருந்தால் தள்ளு தண்டு அப்போதுதான் தளரும்.