வாசகர் கேள்வி பதில்: 1922 கார்த்திகையில் உலகம்

கேள்வி (களுவாஞ்சிக்குடி வாசகி): எங்கள் அம்மப்பா 1922 கார்த்திகையில் பிறந்தவர். அந்த மாதம் உலகத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சொல்வீர்களா?

பதில்: நல்ல மாதத்தில்தான் பிறந்திருக்கிறார், சொல்ல நிறைய இருக்கிறது. நவம்பர் 1ஆம் திகதி அங்காராவில் கூடிய துருக்கி தேசிய சபை சுல்தான் ஆட்சியையே ஒழித்தது. 4ஆம் திகதி எகிப்தில் அகழ்வாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டரின் ஆட்கள் மண்ணுக்குள் ஒரு படிக்கட்டைக் கண்டார்கள், அது பழங்கால எகிப்திய மன்னர் துட்டன்காமனின் கல்லறைக்கு இறங்குகிற படி. 9ஆம் திகதி ஐன்ஸ்டைனுக்கு நோபல் பரிசு அறிவித்தபோது அவர் ஜப்பானுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார், அதுவும் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னர்தான் கொழும்பில் இறங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர். (அங்கே கண்ட ஏழை மக்களைப் பற்றி அவர் தன் நாட்குறிப்பில் இழிவாக எழுதி வைத்திருக்கிறார், அதைப் படித்தபோது எனக்கு மனம் நொந்தது.) 14ஆம் திகதி லண்டனில் பிபிசி தன் தினசரி ஒலிபரப்பைத் தொடங்கியது. முதல் செய்தியை ஒருமுறை வேகமாகவும் ஒருமுறை மெதுவாகவும் வாசித்துக் காட்டி, எது வசதி என்று கேட்டவர்களிடமே கேட்டார்கள்! ஜேர்மனியில் போருக்கு முன் ஒரு டொலருக்கு நாலு மார்க் அளவு கொடுத்தார்கள், அந்த மாதம் ஏழாயிரம் மார்க் அளவு கொடுக்க வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் முன்மாரி வயல்களும் மழையும்தான். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல், கொழும்பில் வானொலி தொடங்கியது 1925இன் கடைசியில். ஆகவே அம்மப்பா பிறந்த வீட்டுக்கு இந்தச் செய்திகளில் ஒன்றாவது எப்போது வந்து சேர்ந்திருக்கும் என்று பிள்ளைகளையே யோசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (காத்தான்குடி வாசகர்): கடைசி சுல்தான் வெள்ளைக்காரனின் கப்பலில் ஓடிப்போனார் என்று எங்கள் மூத்தப்பா வருத்தத்தோடு சொல்லுவார். உண்மையா? கிலாபத்தும் அன்றோடு முடிந்ததா?

பதில்: உண்மைதான். ஆறாம் மெஹ்மத் நவம்பர் 17, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மகனோடும் சில பணியாளர்களோடும் அரண்மனையை விட்டுப் பிரித்தானிய ராணுவத்தின் அம்புலன்ஸ் வண்டியில் வெளியேறி, 'மலாயா' என்ற போர்க்கப்பலில் ஏறி மால்டாவுக்குப் போனார். அந்தக் கப்பலைக் கட்டப் பணம் கொடுத்தது மலாய் நாடுகள், அதாவது முஸ்லிம் சுல்தான்கள் இருந்த நாடுகள். அறுநூறு வருசத்துக்கு மேல் நின்ற உஸ்மானியப் பேரரசின் கடைசி சுல்தானை ஏற்றிப் போனது அந்தக் கப்பல்தான் என்பதை முதல்முதல் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

கிலாபத், அதாவது உலக முஸ்லிம்களின் தலைவரான கலீபாவின் பதவி, அன்றோடு முடியவில்லை. இரண்டொரு நாளில் அதே குடும்பத்து இரண்டாம் அப்துல்மஜீதை அங்காரா சபை கலீபாவாகத் தெரிவு செய்தது, ஆனால் அவர் கையில் ஆட்சி இல்லை. 1924 மார்ச் 3இல் அந்தப் பதவியையும் நீக்கிவிட்டார்கள். இந்தியாவில் கிலாபத்துக்காக முஸ்லிம் தலைவர்களான அலி சகோதரர்களோடு சேர்ந்து குரல் கொடுத்த காந்தி அந்த நவம்பரில் எரவாடா சிறையில் இருந்தார். முஸ்லிமும் இந்துவும் ஒன்றாக நின்ற இயக்கம் அது, அதற்காகவே உங்கள் மூத்தப்பாவின் வருத்தம் எனக்கும் இருக்கிறது.

கேள்வி (கல்முனை மாணவர்): முசோலினி ரோமுக்குப் படையெடுத்துப் போய் ஆட்சியைப் பிடித்தார் என்று படித்தோம். அது சரியா?

பதில்: பாதிதான் சரி தம்பி. முசோலினியின் கட்சிப் படையான கருஞ்சட்டைக்காரர் ஒக்டோபர் கடைசியில் ரோமை நோக்கிப் போனது உண்மை, ஆனால் முசோலினியை அழைத்துப் பிரதமராக்கியது இத்தாலி மன்னர். அப்புறம் நவம்பரில் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் அவருடைய கட்சிக்கு நாற்பது பேர்கூட இல்லை, 16ஆம் திகதி அவர் எழும்பி, நினைத்திருந்தால் இந்தச் சபையைப் படை தங்கும் கூடாரமாக்கியிருப்பேன் என்று முகத்துக்கு நேரே மிரட்டுகிறார், அதைக் கேட்டுக்கொண்டிருந்த மற்றக் கட்சிக்காரர்களே பெருவாரியாக ஆதரித்து வாக்களித்து, மாதம் முடிவதற்குள் ஒரு வருசத்துக்கு மேலான முழு அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்தார்கள். பரீட்சையில் இதை எழுதுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): துட்டன்காமன் கல்லறையைத் திறந்தவர்கள் சாபத்தால் செத்தார்களாமே?

பதில்: இல்லை. அகழ்வுக்குப் பணம் போட்ட கார்னர்வன் பிரபு 1923 ஏப்ரலில் இறந்தது நுளம்பு கடித்த இடம் புண்ணாகி நஞ்சேறியதால். தோண்டிய கார்ட்டர் 1939 வரை இருந்தார். எனக்கு அவரிடம் பிடித்தது வேறொன்று. படியையும் முத்திரை இட்ட கதவையும் கண்ட பிறகும், பிரபு இங்கிலாந்திலிருந்து வந்து சேரட்டும் என்று மண்ணைப் போட்டு மூடிவிட்டு ஏறக்குறைய மூன்று கிழமை பொறுத்திருந்து, 26ஆம் திகதிதான் உள்ளே மெழுகுவர்த்தியை நீட்டிப் பார்த்தார்.

கேள்வி (ஏறாவூர் வாசகி): அந்த ஒரு மாதத்தில் எது பெரிய செய்தி என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

பதில்: சுல்தானும் இல்லை, கல்லறையும் இல்லை. நவம்பர் 20இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தொடங்கிய மாநாடு. துருக்கிக்கும் கிரேக்கத்துக்கும் நடந்த போரை முடித்துவைக்கக் கூடியவர்கள், அங்கே பேசிப் பேசி 1923 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள்: சில பகுதிகள் தவிர, துருக்கியிலுள்ள கிரேக்கத் திருச்சபைக் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு. விருப்பம் கேட்கவில்லை. முன்னமே ஓடி வந்தவர்களையும் சேர்த்துப் பன்னிரண்டு லட்சம் அளவான கிறிஸ்தவர்களும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் ஊரை இழந்தார்கள்.

இதில் என்னால் தாங்க முடியாதது எதுவென்றால், பிரித்தது மொழியை வைத்து அல்ல, மதத்தை வைத்து. கிரீட் தீவு முஸ்லிம்கள் பலர் வீட்டில் பேசியது கிரேக்கம், அனத்தோலியாவின் உள்ளூர்களில் இருந்த கிறிஸ்தவர்கள் பலர் பேசியது துருக்கி. ஒரே பேச்சைப் பேசி, ஒரே சந்தையில் வாங்கி விற்று, பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த சனம் அது. போய்ச் சேர்ந்த இடத்திலோ பேச்சு விளங்காமல் நின்றார்கள். ஏறாவூரிலும் செங்கலடியிலும் இருக்கிற நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1990இல் ஒரே தமிழைப் பேசுகிற தமிழர், முஸ்லிம் என்ற இரண்டு பக்கத்துச் சனமும் எந்த வழியாக ஓடினோம் என்பது வயதானவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. லோசானில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அதைச் சமாதானத்துக்கான வழி என்றே நம்பினார்கள். அது சரியான வழி என்று நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேள்வி (காரைதீவு வாசகர்): அந்த நேரம் நம் ஊரவர் யாரையாவது சொல்ல முடியுமா?

பதில்: உங்கள் ஊரவரையே சொல்கிறேன். மயில்வாகனம் என்ற முப்பது வயது ஆசிரியர், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, அந்த 1922இல்தான் மானிப்பாயில் அதிபர் பதவியை விட்டுவிட்டு மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924இல் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார், அடுத்த வருசம் நம் பக்கம் திரும்பி வந்து பாடசாலை வேலைகளில் இறங்கினார்.