ஆய்வகத்தில் காய்ப்புழு வளர்ப்பவர்கள் கேட்டவை

கேள்வி: இருபது பச்சைக் காய்ப்புழுக்களை ஒரே டப்பாவில் விட்டேன். ஒரு வாரத்தில் நான்குதான் மிச்சம். உணவு போதவில்லையா?

உணவு வழிய வழிய இருந்தாலும் இதுதான் நடக்கும். தன் இனத்தையே தின்னும் புழு அது. முதல் இரண்டு பருவம் வரை, அதாவது இரண்டாவது முறை தோலுரிக்கும் வரை, கூட்டமாக வைக்கலாம். மூன்றாவது தொடங்குமுன் குழித்தட்டில் குழிக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டால் மிஞ்சுவது நீங்கள் சொன்ன அந்த நான்குதான்.

கேள்வி: காய்ப்புழுவுக்குத் தரும், கொண்டைக்கடலை மாவும் அகரும் (கடற்பாசிக் கூழ்) கலந்த அதே உணவை டூட்டா என்ற தக்காளி இலைப் புழுவுக்கும் கொடுக்கலாமா?

வேண்டாம். டூட்டா இலையின் இரு தோல்களுக்கு நடுவே சுரங்கம் போட்டு வாழ்கிறது. ஆகவே மருந்து படாத தக்காளிச் செடியைத் தொட்டியோடு கூண்டில் வையுங்கள். முதலில் செடி வளர்க்கப் பழகுங்கள், அப்புறம் பூச்சி.

கேள்வி: சில காய்ப்புழுக்கள் டப்பாவின் மேல்பக்கம் ஏறித் தலைகீழாகத் தொங்குகின்றன. தொட்டால் தோல் கிழிந்து நீராக ஒழுகுகிறது.

அது என்.பி.வி. என்ற, புழுக்களைக் கொல்லும் வைரஸ். தொட்டதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்! அந்த நீரின் ஒரு துளியிலேயே கோடிக்கணக்கில் நச்சுயிரிப் படிகங்கள் இருக்கும். அந்த டப்பாவை அப்படியே மூடி, ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கலன்) போட்டுவிடுங்கள். மேசை, இடுக்கி, கதவுப்பிடி எல்லாவற்றையும் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் துடையுங்கள். இனி வரும் முட்டைகளையும் அதே மருந்தின் நீர்த்த கரைசலில் சில நிமிடம் முக்கி, நல்ல நீரில் அலசிய பிறகே பொரிக்க விடுங்கள். முட்டை ஓட்டின் மேல் ஒட்டியிருப்பதைத்தான் புழு முதலில் தின்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன்: பக்கத்து அறையில் யாராவது இதே வைரஸை உயிர்ப் பூச்சிக்கொல்லியாகப் பெருக்குகிறார்களா? பல இடங்களில் நோய் வரும் வழி அதுதான். காலையில் ஆரோக்கியமான புழுக்களை முடித்துவிட்டுத்தான் வைரஸ் அறைக்குள் போக வேண்டும். அன்றைக்கு ஆரோக்கியமான புழுக்களிடம் திரும்பி வரக்கூடாது.

கேள்வி: பிற பூச்சிகளின் முட்டைக்குள் தன் முட்டையிடும் டிரைக்கோகிரம்மா குளவியை விட்ட காய்ப்புழு முட்டைகள் கறுத்துவிட்டன. கெட்டுப்போயினவா?

கெடவில்லை, குளவி வேலையைச் செய்திருக்கிறது. பொரியப்போகும் நல்ல முட்டையிலும் உச்சியில் கரும்புள்ளி தெரியும். அது புழுவின் தலை. முட்டை முழுக்கக் கறுத்து, புழு வராமல் அப்படியே இருந்தால் உள்ளே குளவி வளர்கிறது. அப்படிக் கறுத்தவற்றை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒரு நாளுக்கு மேல் வயதான முட்டையைக் குளவிக்குக் கொடுக்காதீர்கள்.