மாமியாரிடம் கேட்டீர்களா?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்காவது மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நாய்க்குட்டி வேண்டும் என்று எங்கள் 8 வயது மகள் ஒரு வருடமாக அடம்பிடிக்கிறாள். பக், ஷிட்ஸூ, பொமரேனியன் மூன்றில் எது எங்களுக்குச் சரிப்படும்? பகல் முழுக்க மாமியார் வீட்டில்தான் இருப்பார். முட்டிவலியால் எங்கும் போவதில்லை. அதனால் நாய் தனியாக இருக்குமே என்ற கவலை இல்லை.

பதில்: எந்த நாய் என்பதை அப்புறம் பார்ப்போம். மாமியாரிடம் கேட்டீர்களா? மகளின் ஆசையை எழுதியிருக்கிறீர்கள். பகலெல்லாம் அந்த நாயோடு இருக்கப்போகிறவருக்கு அதில் விருப்பமா என்று ஒரு வரிகூட இல்லை. அவருடைய முட்டிவலி உங்களுக்கு வசதியாகப் போய்விட்டது.

இதே கடிதம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. சில மாதம் கழித்து, 'மாமியாருக்கும் நாய்க்கும் ஒத்துப்போகவில்லை, என்ன செய்வது?' என்று அடுத்த கடிதம் வரும்.

2 மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. நீங்கள் ஆபீசில் இருக்கும்போது அது ஹாலில் போய்விடும். அவர் நாற்காலிக் கையை அழுத்தி எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே போய்த் துணி எடுத்து, குனிந்து துடைக்க வேண்டும். துடைக்கும்போதே குட்டி துணியைக் கவ்வி இழுக்கும், காலைச் சுற்றிச் சுற்றி வரும். ஈர டைல்ஸ், வலிக்கும் முட்டி. அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் தேறி நடமாட மாதக்கணக்காகும். பழையபடி நடக்காமலே போனவர்களும் உண்டு. இதை யோசிக்காமலா கவலை இல்லை என்று எழுதினீர்கள்? வீட்டோடு இருக்கும் பெரியவர் சும்மாதானே இருக்கிறார் என்று நாமே முடிவு செய்துகொள்வது அநியாயம். அவர் உங்கள் வீட்டுப் பெரியவர், காவலாள் இல்லை.

இனி நாய். பக் வேண்டாம். தட்டை முகம், குறுகிய மூச்சுப்பாதை. நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக்குக்கு அதுவே சிரமம். வெயில் நாளில் யாராவது அதன்மேல் ஒரு கண் வைத்தபடியே இருக்க வேண்டும். பொமரேனியன் லிஃப்ட் சத்தத்துக்கும் குரைக்கும், பக்கத்து வீட்டுச் செருப்புச் சத்தத்துக்கும் குரைக்கும். புகார் சொல்ல வருபவருக்குக் கதவு திறப்பதும் மாமியார்தான். ஷிட்ஸூ பொதுவாகச் சாது, குரைப்பும் குறைவு. ஆனால் முடி வளர்ந்துகொண்டே இருக்கும். ஒட்ட வெட்டி வைக்காவிட்டால் தினமும் சீவ வேண்டும், இல்லையென்றால் சிக்குப் பிடித்துத் தோல் புண்ணாகும். அதற்கும் முகம் தட்டைதான், வெயில் ஆகாது.

மாமியார் மனதார ஒப்புக்கொண்டால் ஷிட்ஸூவே எடுங்கள். குட்டி வேண்டாம். 3, 4 வயதான, வெளியே போய்ப் பழகிய நாய். வளர்க்க முடியாமல் நல்ல கை தேடுபவர்கள் இருப்பார்கள், விசாரியுங்கள். எடுப்பதற்கு முன் அந்த நாய் மாமியார் காலடியில் எப்படி நடந்துகொள்கிறது என்று நேரில் பாருங்கள். காலையும் இரவும் கீழே கூட்டிப்போவது நீங்களும் கணவரும். மதியத்துக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள். மகள் தண்ணீர் வைக்கட்டும், முடி சீவட்டும். அதற்குமேல் 8 வயதுக் குழந்தையை நம்பி ஓர் உயிரை விட முடியாது. சின்ன நாய்கள் 13, 14 வருடம்கூட வாழும். அவள் கல்லூரிக்குப் போகும் நாளில் அந்த நாய் கிழடாகி உங்கள் கையில்தான் இருக்கும்.

மாமியாரிடம் கேட்கும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாதீர்கள். பேத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பாட்டிக்கும் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. உங்கள் கணவர் தனியாகக் கேட்கட்டும், அவருடைய அம்மாதானே. மாமியார் வேண்டாம் என்றால், அல்லது 'உங்க இஷ்டம்' என்று இழுத்தால், பேச்சு அத்தோடு முடிந்தது. மகளிடம் அதை நீங்களே சொல்லுங்கள், உங்கள் முடிவாக. பாட்டி வேண்டாமென்றார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.