மகளுக்கு இயந்திரப் பொறியியல்: பாடாங் செராய் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அக்கா. ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வு முடித்த மகள் இயந்திரப் பொறியியல்தான் வேண்டும் என்கிறாள், பையன்கள் நிறைந்த வகுப்பில் தாக்குப்பிடிப்பாளா, பேசாமல் டீச்சருக்குப் படிக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டீச்சர் வேலை நல்ல வேலைதான். ஆனால் அவள் அதைக் கேட்கவில்லையே. இயற்பியலும் கணிதமும் நன்றாக வருகிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் என்ன, சேர்த்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் முதல் வருடத்தில் தடுமாறும் ஓர் இடம் பொறியியல் வரைபடம். ஒரு பாகத்தை முன்னால், மேலே, பக்கத்தில் இருந்து பார்த்த படங்களை வைத்து முழு உருவத்தையும் மனத்திலேயே திருப்பிப் பார்க்க வேண்டும். தோட்டத்துப் பையன்கள் சின்ன வயதிலேயே மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு விளையாடியிருப்பார்கள். பெண்களை, கையை அழுக்காக்காதே என்று உள்ளே அனுப்பியிருப்போம். அந்தப் பழக்கக் குறை இங்கே வந்து நிற்கிறது.

அமெரிக்காவில் ஷெரில் சோர்பி என்ற பேராசிரியை, தாமே மாணவியாக இருந்தபோது இந்தப் பாடத்தில் திணறியவர். 1993-இல் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, உருவத்தை மனத்தில் திருப்பிப் பார்க்கும் ஒரு சோதனை வைத்து, குறைவாக எடுத்தவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தினார். சின்னக் கட்டைகளைக் கோத்துப் பார்ப்பது, அதைக் கையால் வரைவது, இப்படித்தான் பயிற்சி. அதில் சேர்ந்த பெண்கள், சேராதவர்களைவிட அதிக அளவில் பொறியியலிலேயே நிலைத்தார்கள். பழகினால் வருவதுதான் அக்கா இது. பல்கலைக்கழகம் திறக்கும்வரை மகள் தினமும் ஏதாவது ஒரு வீட்டுச் சாமானை மூன்று பக்கமும் வரைந்து பழகட்டும். ஃபேன் பழுதானால் மெயின் சுவிட்சை அடைத்துவிட்டு, ஸ்குரூடிரைவரை அவள் கையில் கொடுங்கள்.

தனியாகிவிடுவாளோ என்ற பயம் நியாயமானது. குழு வேலையில் நான்கு பையன்களுக்கு நடுவே ஒரே பெண் என்றால், குறிப்பு எடுக்கும் வேலைதான் அவளுக்கு வரும். முடிந்தால் இன்னொரு பெண்ணோடு ஒரே குழுவில் சேரட்டும், இயந்திரத்தைத் தொடும் வேலையைத் தானே கேட்டு வாங்கட்டும். பெண்கள் வேண்டும் என்கிற பல்கலைக்கழகங்களுக்கும் ஒன்று சொல்வேன்: முடிவு எங்கள் அடுப்படியில்தான் எடுக்கப்படுகிறது. தமிழ் பேசும் சீனியர் பெண்களை அம்மாக்களிடம் அனுப்புங்கள்.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுமுன், அந்தப் பட்டப்படிப்புக்குப் பொறியியல் அங்கீகார மன்றத்தின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிற்பாடு மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவதே சிக்கலாகும்.

மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில்தான் இருக்கிறது, உங்களுக்குத் தூரமில்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய் வாருங்கள். பட்டறையைப் பாருங்கள், விடுதியைப் பாருங்கள், அங்கே படிக்கும் பெண்களிடம் பேசுங்கள். கேள்விகளை மகளே எழுதி எடுத்துவரட்டும், அவளே கேட்கட்டும்.