போலந்தின் 'குவோ வாடிஸ்' (2001): கேள்வி பதில்

கே: 1951-இல் வந்த ஹாலிவுட் 'குவோ வாடிஸ்' பார்த்திருக்கிறேன். போலந்துக்காரர்கள் அதையே ஏன் மறுபடி எடுத்தார்கள்?

ப: 'மறுபடி' என்று அவர்கள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்! நாவலே அவர்களுடையது. ஹென்றிக் சியன்கியேவிச் 1895-96-இல் பத்திரிகைத் தொடராக எழுதியது. 1905-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இத்தாலியர்கள் 1913-லேயே மௌனப் படமாக எடுத்துவிட்டார்கள், அப்புறம் ஹாலிவுட் எடுத்தது. சொந்த ஊரில் படமாக நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. எடுத்த யேர்சி கவலெரோவிச்சுக்கு அப்போது வயது 79.

கே: கதை என்ன சார்? முடிவைச் சொல்லாமல் சொல்லுங்கள்.

ப: பேரரசன் நீரோ காலத்து ரோம். மார்கஸ் வினீசியஸ் என்ற படைவீரன், பிணையாக வளர்ந்த லிகியா என்ற பெண்மேல் ஆசைப்படுகிறான். முதலில் தூக்கிவரத்தான் பார்க்கிறான். அவளோ கிறிஸ்தவள். நகரம் எரிகிறது, பழி கிறிஸ்தவர்கள் தலையில் விழுகிறது.

கே: முழுக்க ரோமாபுரிக் கதை. இதில் போலந்து எங்கே வருகிறது?

ப: லிகியாவின் இனத்தார் இன்றைய போலந்துப் பக்கம் வாழ்ந்தவர்கள் என்பது நாவலாசிரியரின் கணக்கு. அவர் எழுதியபோது வரைபடத்தில் போலந்தே இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டிருந்தன. பேரரசின் பிடியில் சிக்கிய சின்ன இனத்துப் பெண், அவளுக்காக வெறுங்கையோடு காளையை மடக்கும் உர்சுஸ். யாரைச் சொல்கிறார் என்று அந்த வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. படத்தில் உர்சுஸாக வருபவர் ரஃபாவ் குபாட்ஸ்கி, நிஜ ஜூடோ வீரர்.

கே: போப் முன்னிலையில் திரையிட்டார்களாமே?

ப: ஆமாம். 2001 ஆகஸ்ட் 30, வத்திக்கானில், இரண்டாம் ஜான் பால் முன்னிலையில் முதல் காட்சி. வேடிக்கை என்னவென்றால், இதே இயக்குநர் 1961-இல் எடுத்த 'மதர் ஜோன் ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' திருச்சபையின் கோபத்துக்கு ஆளான படம்.

கே: 'கிளாடியேட்டர்' மாதிரி இருக்குமா?

ப: இருக்காது. சுமார் 1.8 கோடி டாலர் செலவு. போலந்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொட்டியதில்லை, ஹாலிவுட்டுக்கு அது சில்லறை. தீ விபத்துக் காட்சி எனக்கும் ஏமாற்றம்தான். காதல் ஜோடியும் சுமார்.

கே: பிறகு எதற்காகப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

ப: கிலோனுக்காக! அவன் ஒரு கிரேக்கன், தத்துவம் பேசும் ஃபிராடு. கிளாக்கஸ் என்ற வைத்தியரின் குடும்பத்தையே விற்றவன், பின்னால் கிறிஸ்தவர்களையும் காட்டிக்கொடுக்கிறான். நீரோவின் தோட்டத்தில் மனிதர்களைக் கம்பத்தில் கட்டிப் பந்தமாக எரிக்கிறார்கள். அங்கே ஒரு கம்பத்தில் கிளாக்கஸ். கிலோன் அண்ணாந்து பார்த்து மன்னிப்புக் கேட்கிறான், கிடைக்கிறது. அடுத்த நொடியே கூட்டத்தைப் பார்த்து, ஊரைக் கொளுத்தியவன் நீரோதான் என்று கத்துகிறான். கிலோனாக வரும் யேர்சி ட்ரெலா மேடை நாடகத்தில் ஊறியவர். அதுவரை குழைந்து பேசிய மனிதர் அந்த இடத்தில் வேறு ஆளாகிவிடுகிறார். நீரோவின் அரசவையில் இருக்கும் பெட்ரோனியஸாக வரும் போகுஸ்வாவ் லிண்டாவும் அலட்டல் இல்லாமல் செய்திருக்கிறார். அவர் போலந்தில் அதிரடிப் படங்களுக்குப் பேர்போனவர்.

கே: இதெல்லாம் நிஜமாக நடந்ததா? நீரோதான் தீ வைத்தானா?

ப: தீ நிஜம், கி.பி. 64 ஜூலை. அப்போது நீரோ ரோமில் இல்லை, ஆன்டியம் என்ற ஊரில் இருந்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதுகிறார். வைத்தது யார் என்பதில் அவரே முடிவாக ஒன்றும் சொல்லவில்லை. கிறிஸ்தவர்களை எரித்ததும் அவர் எழுத்திலேயே இருக்கிறது. பெட்ரோனியஸ் 66-இல் நரம்பை அறுத்துக்கொண்டு செத்ததும் அப்படியே. லிகியாவும் உர்சுஸும் கற்பனை. இன்னொன்று: ரோமின் பெரிய வட்ட அரங்கமான கொலோசியம் திறந்தது கி.பி. 80-இல். நீரோ காலத்தில் அது கிடையாது.

கே: கடைசிக் காட்சி குழப்பமாக இருக்கிறதே?

ப: ரோமை விட்டு ஓடும் சீடர் பேதுருவுக்கு வழியில் கிறிஸ்து எதிர்ப்படுகிறார். "எங்கே போகிறீர் ஆண்டவரே?" என்று கேட்டுவிட்டு பேதுரு ரோமுக்கே திரும்பி நடப்பது பழைய ஐதீகம். 'எங்கே போகிறீர்' என்பதற்கு லத்தீன்தான் 'குவோ வாடிஸ்'. படத்தில் அவர் திரும்பிப் போவது இன்றைய ரோமுக்கு. சிலருக்கு இது பிரசங்கமாகப் பட்டது. எனக்குப் பிடித்தது.

கே: பிள்ளைகளோடு பார்க்கலாமா?

ப: வேண்டாம். அரங்கில் விலங்குகளை ஏவும் காட்சி நீளம், ரத்தமும் அதிகம். பெரியவர்கள் என்றால், கிடைத்தால் 6 பகுதித் தொலைக்காட்சி வடிவத்தையே பாருங்கள். படத்தில் அவசரமாகப் போகும் இடங்கள் அதில் நிதானமாக வரும்.