கண்டிப்பா, கனிவா? குழந்தைகளின் தூக்கம்: கேள்வி-பதில்

கேள்வி: என் நான்கு வயது மகள் விளக்கை அணைத்த பிறகும் “தண்ணீர்”, “இன்னொரு கதை” என்று ஒரு மணி நேரம் இழுத்தடிக்கிறாள். அதட்டினால் அழுகிறாள். விட்டுக்கொடுத்தால் தூங்க நள்ளிரவாகிறது. எது சரி?

பதில்: இரண்டும் வேண்டாம். 1960களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் பெற்றோரை வகைப்படுத்தியபோது, அதட்டி அடக்குபவர்கள், கேட்டதற்கெல்லாம் இசைபவர்கள் இவர்களோடு, பாசமாக இருந்துகொண்டே வரம்பும் வைப்பவர்களைத் தனியே குறிப்பிட்டார். படுக்கை நேரத்துக்கு இந்த மூன்றாம் வகைதான் பொருந்தும். அதட்டினால் குழந்தை பதறுகிறது. பதறிய உடலுக்குத் தூக்கம் வராது. ஐந்து முறை மறுத்துவிட்டு ஆறாவது முறை கதை சொன்னாலோ, விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று அவள் கற்றுக்கொள்கிறாள்.

தண்ணீர், கழிவறை, கதை எல்லாவற்றையும் தினமும் ஒரே வரிசையில், விளக்கை அணைக்கும் முன்பே முடித்துவிடுங்கள். எந்தக் கதை என்பதை அவள் சொல்லட்டும். எத்தனை கதை என்பதை நீங்கள் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எழுந்து வந்தால் கோபப்படாமல், பேச்சை வளர்க்காமல், கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படுக்க வையுங்கள். முதல் சில நாள்கள் அடம் கூடத்தான் செய்யும். பலர் அங்கேதான் தளர்ந்துபோகிறார்கள். தயவுசெய்து தளராதீர்கள்.

கேள்வி: நான் கண்டிப்பு, கணவர் செல்லம். இதனால் பாதிப்பு உண்டா?

பதில்: உண்டு. ஆளுக்கொரு விதி இருந்தால் குழந்தை தினமும் சோதித்துப் பார்க்கும். பகலில் உட்கார்ந்து பேசி ஒரே நேரத்தை முடிவு செய்யுங்கள். குழந்தையின் எதிரில் வேண்டாம்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தை இரவில் பலமுறை விழிக்கிறது. தூக்கி வைத்தே கெடுத்துவிட்டேனா?

பதில்: இல்லவே இல்லை. அந்தக் குற்ற உணர்வை முதலில் விடுங்கள். கைக்குழந்தையின் தூக்கச் சுற்று பெரியவர்களுடையதைவிடக் குறுகியது. இடையிடையே விழிப்பது இயல்பு. இந்த வயதில் தாயைப் பிரியும் பயமும் சேர்ந்துகொள்ளும். ஆனால் தோளிலேயே தூங்கிய குழந்தை, நடுவில் விழிக்கும்போதும் அதே தோளைத் தேடும். கண் சொக்கும்போதே, முழுதாகத் தூங்கும் முன், மல்லாக்கப் படுக்க வைத்துப் பழக்குங்கள். அழுதால் அருகில் சென்று தட்டிக்கொடுங்கள்.

கேள்வி: மூன்று வயதுக்கு எவ்வளவு தூக்கம் போதும்?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம். அவ்வளவு தூங்கியும் குழந்தை சோர்ந்தே இருந்தாலோ, பெரும்பாலான இரவுகளில் குறட்டை விட்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ வளர்ப்பில் குறை தேடாதீர்கள். குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.