கண்ணில் கதிர்த் தகடு: தம்பியைப் பக்கத்தில் விடலாமா?

தங்கச்சி, பயப்படாதீங்கோ. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோய்க்கு உங்கள் மகளின் கண்ணில் வைக்கப்போவது, கதிர் வீசும் ருத்தேனியம் 106 அல்லது அயோடின் 125 உள்ள, நன்றாக மூடிய ஒரு சின்னத் தகடு. கண்ணின் வெளிச்சுவரில் தைத்து, சில நாளில் எடுத்துவிடுவார்கள், எடுத்த பிறகு உடம்பில் கதிர் எதுவும் மிஞ்சாது, அவள் தன் தம்பியோடு ஒரே பாயில் படுக்கலாம். தகடு உள்ளே இருக்கும்வரை மட்டும் அவனையும் கர்ப்பிணி மச்சாளையும் வார்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

ருத்தேனியத்தின் பீட்டாக் கதிர் சில மில்லிமீட்டர்தான் போகும், அதனால் வளரும் முக எலும்பு பெரும்பாலும் தப்பும்; வெளியிலிருந்து கதிர் கொடுத்தால் அந்த எலும்பு பாதிக்கப்படுவது பெரிய பிரச்சினை.

சலத்தில் (சிறுநீரில்) கதிர் வரும் என்று மாமி சொன்னது நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோய்க்கு இரத்த நாளத்தில் ஏற்றும் அயோடின் 131 மருந்தைப் பற்றியதாக இருக்கும், அது வேறு. எந்தத் தகடு, எத்தனை நாள் என்று மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கோ.